முட்டுப் பிரிக்கும் நாள்

தராசில் நூற்றுத் தொண்ணூறு கிராம்.
ஓர் உருண்டை கூடினாலும் திரும்ப டப்பாவுக்கு.
சிமென்ட் அளந்த கை,
அதற்கு ஏமாற்ற வராது.

எஞ்சினியர் வில்லாவைக் காலி செய்தபோது
ஒரு கூலரோடு விட்டுப்போன குட்டி.
நாங்கள் வைத்த பெயர் ஜல்லி.

"பெரிய ஜாதி. மெதுவாக வளரட்டும்" என்றார்
சூடான் நாட்டு டாக்டர் ரெஹாப்.
அவர் ஜன்னலுக்கு எதிரே
வாரம் ஒரு தளம் ஏறுகிறது ராஸ் அல் கைமா.
எக்ஸ்ரேயில் எலும்பு முனையில் ஒரு கறுப்புக் கோடு.
"இது இன்னும் மூடவில்லை."
புரிந்தது:
முட்டுப் பிரிக்காத ஸ்லாப்.

இசக்கிமுத்துவுக்குப் புரியவில்லை.
சம்பள நாளில் கால்சியம் மாத்திரையோடு வந்து நின்றான்.
கம்பியை நெருக்கிக் கட்டினால்
கான்கிரீட் எங்கேடா இறங்கும் என்றேன்.
கோபித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

தார் கொதிக்குமுன்
புறங்கை வைத்துப் பார்த்துக் கிளம்புகிறோம்.
ஈரமணலில் இருபத்தைந்து நிமிடம்;
மாதத்துக்கு ஐந்து என்று கணக்கு.
குதிக்கவிடுவதில்லை.
படி வந்தால் தூக்கிக்கொள்கிறேன்
பதினெட்டுக் கிலோவை.
என் முழங்கால் நொறுநொறுக்கிறது,
அது காதை நக்குகிறது.

கேம்ப் டைல்ஸில் கால் வழுக்காமலிருக்க
பழைய சாக்கை வெட்டி விரித்திருக்கிறான்,
யாரென்று கேட்கவில்லை.
மாத்திரையை இப்போது
அவனே விழுங்குகிறான், இரவில்.
எனக்கும் ஒன்று நீட்டினான்.

நமக்கெல்லாம் எப்போதோ மூடிவிட்டது
என்று சொல்ல வந்தேன்.
தண்ணீர் எங்கே என்றேன்.