நூற்று முப்பத்தாறு

லிஃப்ட் நின்று எழுபத்தோரு நாள்.
நோட்டின் முதல் வரி அதுதான்,
ரெபேக்காவின் கையெழுத்து, ஊதா மை.
அடுத்த வரி: ஒரு மாடிக்குப் பதினேழு படி.
எட்டாவது மாடிக்கு
நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வாரத்தில் இரண்டு விடியல்
தேசிங்கு அண்ணனை நாற்காலியில் இறக்குகிறோம்.
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி,
கல்யாண மண்டபத்தில் கடன் வாங்கி
இன்னும் திருப்பித் தராதது.
கீழ்ப்பக்கம் புவனேஷ், அவன்தான் உயரம்.
மேல்பக்கம் நானும் இம்ரோஸும்.
திருப்பத்தில் மட்டும் யாரும் பேசுவதில்லை.

"நான் ஏத்தாத சவாரியா?
இப்ப நானே சவாரி.
மீட்டருக்கு மேல போட்டுக் குடுக்கறேன்பா"
என்பார் ஐந்தாவது மாடியில்.
ஐந்தாவது மாடியில்தான் எப்போதும் சொல்வார்.
எங்களுக்கு மூச்சு வாங்குவது
அங்கேதான் அவருக்குக் கேட்கும்.

போகும்போது அறுபத்து நான்கு கிலோ.
திரும்பும்போது அறுபத்தொன்று.
அந்த மூன்று கிலோ தண்ணீரைக் கழிக்கத்தான்
பெரும்பாக்கத்திலிருந்து ராயப்பேட்டை வரை
ஒன்றரை மணி நேரம் போக,
ஒன்றரை மணி நேரம் வர.
முன்பு ஆற்றோரம் குடிசை இருந்தபோது
ஆஸ்பத்திரிக்கு நடந்தே போவாராம்.
நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆறாவது மாடியில் ஒரு கர்ப்பிணி
மூன்று செக்கப்புக்குப் போகவில்லை.
காரணம் என்ற இடத்தில்
ரெபேக்கா முதலில் எழுதியது: அலட்சியம்.
பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.
பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
பிறகு அதை அடித்துவிட்டு எழுதினாள்:
படி.

ஒரு ஞாயிறு
இம்ரோஸின் போனில் கடல் தாண்டி ஒரு பெண்,
எங்கள் வயசுதான்.
மலைச்சரிவில் நெருக்கமாய் வீடுகள்,
அவளிடமும் ஒரு நோட்டு.
மொழிபெயர்ப்பு வந்து சேர்வதற்குள்
இரண்டு விரலைக் கால்களாக்கி
காற்றில் ஏறிக் காட்டினாள்.
சிரித்தோம். அவளும் சிரித்தாள்.
சிக்னல் போய்விட்டது.

மனு கொடுத்தபோது கவுன்டரில் கேட்டார்கள்,
"ஆதாரம்?"
நோட்டை நீட்டினோம்.
"இது உங்க எழுத்து. ஆபீஸ்ல இருந்து வந்து பார்ப்பாங்க."

வந்தார் ஒருவர், செவ்வாய்க்கிழமை,
கழுத்தில் அட்டை, கையில் ஃபைல்.
எட்டாவது மாடிக்கு வாங்க சார் என்றோம்.
அறுபத்தெட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
அவரைத் தோற்கடித்துவிட்டதாய்
ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்.
பொய் சொல்ல மாட்டேன்.

ரெபேக்கா பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்தாள்.
நூற்று எழுபத்தெட்டு, நூற்றுப் பத்து.
"மாத்திரை சாப்பிடறீங்களா சார்?"
"மாசக் கடைசில நிறுத்திடுவேன்மா."
"ஆபீஸ்ல சொன்னீங்களா?"
"காண்ட்ராக்ட்மா நான். பன்னெண்டு வருஷம்."

இம்ரோஸ் தண்ணீர் எடுத்து வந்தான்.
அவர் குடித்து முடிக்கும் வரை
படிகளில் ஏறுகிறவர்கள்
அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள்.
அவரே கேட்டார்: "என்னையும் எழுதுவீங்களா அதுல?"
எழுதினோம்.
பெயர்: முனிரத்தினம். வயது ஐம்பத்து மூன்று.
பிளாக்: இல்லை. புளியந்தோப்பு, வாடகை.
காரணம் என்ற இடத்தை
அவரிடமே பேனாவோடு கொடுத்தாள்.
என்ன எழுதினார் என்று சொல்ல மாட்டேன்.
அது அவருடைய வரி.

லிஃப்ட் வந்தது.
பதினோரு நாள் ஓடியது.
பன்னிரண்டாம் நாள் அதிகாலை
பட்டனை அழுத்திவிட்டு
நாற்காலியோடு நின்றிருந்தோம்,
தேசிங்கு அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்காமல்
"சரி, தூக்குங்கப்பா" என்றார்.

அன்று மாலை பக்கத்து பிளாக்கிலிருந்து
இரண்டு பையன்கள் வந்தார்கள்.
அவர்களிடம் ஒரு ஆயா, இடுப்பு உடைந்து
ஏழாவது மாடியில்.
"நாற்காலியை எப்படிக்கா புடிக்கணும்?"

"காட்டறேன்" என்றாள் ரெபேக்கா.
"முதல்ல போய்
ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிட்டு வா."