ஆறு முகம்

நோயாளியின் பெயரை அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.
எனக்கு அவர் பதினேழாம் எண்.
உச்சிக்குச் சற்று இடப்பக்கம் எலும்பு ஏழரை மில்லிமீட்டர்.
வலக்கை தேநீரைச் சிந்தும் என்று ஒரு குறிப்பு.

ஜாலஹள்ளியில், மூன்றாம் மாடியில்,
அந்த மண்டையை இருநூறு கோடிப் புள்ளிகளாக உடைத்து
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பங்கு வைக்கிறேன்.
பேர் என்றா சொன்னேன்?
செயலிகள். இரவில் வாய் அப்படித்தான் வருகிறது.

ஆளுக்கொரு கனசதுரம், ஆறு முகம்.
"ஆறுமுகங்க ஓடுறாங்களா?" என்பார்
குளிர்சாதனம் பார்க்கும் தெய்வசிகாமணி,
கோலார் தங்கவயல்காரர்.

ஒருவருக்கும் முழு மண்டை தெரியாது.
பக்கத்துச் சதுரத்தோடு பகிர்வது ஓரத்து எண்களை மட்டும்:
என் சுவரில் இவ்வளவு அழுத்தம், உன் சுவரில் எவ்வளவு?
இதைக் கேட்டுக் கேட்டே
அலை எலும்புக்குள் நுழைகிறது, வளைகிறது,
கொஞ்சம் முறைத்துக்கொண்டு திரும்பியும் வருகிறது.
மிச்சம் போய்
ஓர் அரிசியளவு இடத்தில் கூட வேண்டும்.
வெட்டாமல், தைக்காமல்,
அந்த அரிசி வெந்தால் கை நிற்கும்.

மண்டைக்குள் நூற்றைம்பது மைக்ரோ நொடி.
எங்களுக்கு ஏழு மணி நேரம்.

இரண்டேகாலுக்கு 203 பின்தங்கியது.
விசிறி நின்று சூடேறியிருக்கிறது.
மற்ற ஐந்நூற்றுப் பதினொன்றும் அப்படியே நின்றன,
ஒரு ஹாரன் இல்லை.
கொரகுண்டேபாள்யா சிக்னலில் ஆறு வருடம் நின்றவள் நான்,
நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தெய்வசிகாமணி விசிறியை மாற்றினார்.
203 தன் கணக்கைச் சொன்னது.
அடுத்த படி.

விடிந்தபோது குவியம் இருந்தது,
ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி.
அங்கே என்ன இருக்கும் என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.
உதட்டோரத்து உணர்ச்சி, சில சமயம் பேச்சு, என்றார்.
அந்த அரிசி வேகக் கூடாது.
ஆயிரத்து இருபத்துநான்கு ஒலிமூலங்களின் தாமதங்களைத் திருத்தி
மறுபடி வரிசையில் போட்டுவிட்டு
வீட்டுக்கு வந்தேன்.

பல் தேய்க்கையில் பக்கத்து வீட்டுக் குக்கர்.
இத்தனை நாளில் அந்தக் குடும்பத்தில் எனக்குத் தெரிந்தது
ஒரு சுவரும் மூன்று விசிலும்.
இன்று இரண்டு.
மூன்றாவதற்காக நின்றேன்.
வாயில் நுரை காய்ந்தது.

போய்க் கதவைத் தட்டினேன்.
"யாரு?" என்றது உள்ளே ஒரு குரல்.
கன்னடமா, தமிழா,
அந்த ஒரு சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.