நீடாமங்கலம் கேட்டில் ஐம்பது நிமிடம்

ஆத்தூரில் செயின் வண்டியை லாரியில் ஏற்றிக்
கிளம்பும்போது போன் பச்சையாக இருந்தது.
முதலாளிதான் ஏற்றிக் கொடுத்தார் அந்த ஆப்பை.
"இது இல்லாம ஒரு செக்போஸ்ட் தாண்ட முடியாது,
புளூடூத்த மட்டும் அணைச்சிடாத."
ஆப்பு என்றால் என்னவென்று
மரம் பிளக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துறையூரில் காட்டினேன். பச்சை.
திருவெறும்பூரில் காட்டினேன்.
தஞ்சாவூர் பைபாஸில்
தூக்கம் வழியும் ஒரு போலீஸ்காரர்
போனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தான்.
அந்த ஊரில் கேட் திறந்திருந்தால்தான் செய்தி.
இன்ஜினை அவிழ்த்து
அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைக்குக் கொண்டுவந்து
கோத்து முடிக்க ஐம்பது நிமிடம்.
இடப்பக்கம் மினிபஸ்.
வலப்பக்கம் வாழைத்தார் ஏற்றிய குட்டியானை.
பின்னால் ஒரு கல்யாண வேன், உள்ளே யாரோ தும்முகிறார்கள்.
நான் இறங்கவில்லை.
வெள்ளரிப்பிஞ்சு விற்றவளிடம்கூடக்
கண்ணாடிக்கு உள்ளிருந்தே வேண்டாம் என்று கையாட்டினேன்.
பையில் கிடந்த போன் மட்டும்
நான் பேசாத எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாம் நாள், கொரடாச்சேரி தாண்டி,
வன்மீகநாதனின் ஒன்பது மா சம்பாவுக்கு முன்னால்
வண்டியை இறக்கும்போது அது ஆரஞ்சானது.
தொற்றுள்ள ஒருவர் உங்கள் அருகில் இருந்திருக்கிறார்.
திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது.
பேர் இல்லை. ஊர் இல்லை.

புரோக்கர் ஜெகபர் வரப்பிலேயே நின்றுவிட்டார்.
"வண்டி இருக்கட்டும். நீ மோட்டார் கொட்டாயில இரு.
வேற டிரைவர் பாக்குறேன்."
வண்டிக்குப் புளூடூத் இல்லை, வண்டி சுத்தம்.
மணிக்கணக்குப் பேட்டா வாங்குகிறவனுக்குப்
பதினாலு நாள் என்பது நாள் கணக்கு அல்ல.
முந்தின நாள் அறுத்த வீட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்:
"நீ தண்ணி குடிச்ச சொம்ப என்ன பண்றது, தம்பி?"
எனக்குத் தெரியவில்லை.
"புளி போட்டுத் தேச்சிடுங்க" என்றேன்.

ராத்திரி வீட்டுக்குப் பேசினேன்.
பூங்காவனம் வைத்திருப்பது பட்டன் போன்,
அதற்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது.
காய்ச்சல் இல்லை என்றேன்.
"பின்ன ஏன் படுத்திருக்க?" என்றாள்.

ஜெகபர் பார்த்த வேறு டிரைவரும்
அதே கேட்டில் நின்றவனாம்.

மறுநாள் ராத்திரி கிழக்கே மின்னியது.
தை பிறந்தும் போகாத மழை.
துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு
டார்ச்சோடு வந்த வன்மீகநாதன்
பத்தடி தள்ளி நின்று கதிரைப் பார்த்தார்,
வானத்தைப் பார்த்தார்,
கடைசியாக என்னை.
"போன இங்கயே வச்சிட்டு வண்டிய எடு."

மோட்டார் பெட்டி மேல் வைத்தேன்.
எனக்குப் பதிலாக அது தனிமையில் இருந்தது.
முன்விளக்கில் பூச்சி பறக்க, ஈரச் சேற்றில் செயின் வழுக்க
நாலு மணி நேரம் இருபது நிமிடம்.
கடைசி மாவில் தூறல் பிடித்துக்கொண்டது.
அந்த ராத்திரி முழுக்க நான் யார் அருகிலும் இல்லை,
கொட்டகையை விட்டு நகரவே இல்லை என்று
அது குறித்துவைத்திருக்கும்.

கூலியை வரப்பில் வைத்து
மேலே கல்லை வைத்துவிட்டுப் போனார்.
எண்ணினேன். ஒரு மணி நேரம் குறைந்தது.
கேட்பதென்றால் பத்தடி நடக்க வேண்டும்.
கேட்கவில்லை.

திங்கட்கிழமை பத்து நாற்பதுக்காரரே,
மினிபஸ்ஸில் தொங்கியவரா,
வாழைத்தார் மேல் படுத்திருந்தவரா,
மாப்பிள்ளையா?
உங்கள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன்,
முகமில்லாமல் அது நிற்கவில்லை.
மூச்சு சீராக விடுகிறீர்களா என்று
கேட்க அந்த ஆப்பில் ஒரு பட்டன் இல்லை.

திரும்பும்போதும் கேட் போட்டிருந்தான்.
கொட்டகையில் கிடந்து கிடந்து போன் பச்சையாகி இருந்தது.
கண்ணாடியை இறக்கினேன்.
வெள்ளரிப்பிஞ்சுக்காரி கிட்டே வராமல் கேட்டாள்:
"போன் என்ன கலரு?"
காட்டினேன்.
பொட்டலத்தைக் கண்ணாடி விளிம்பில் வைத்து
விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டு
அடுத்த வண்டிக்குப் போனாள்.