வண்டி எண் இல்லாத எண்பது கிலோ

கொஸ்தனாய்க்கு வடக்கே, செப்டம்பர் கடைசி.
கோதுமை ஏற்றிய முப்பத்தொரு லாரிகள்
எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையில் நிற்கின்றன.
நாலு மணிக்கு மழை என்கிறது வானொலி.
எடைமேடை எடையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது,
தலைமை அலுவலகத்துக்குக் கேட்கவில்லை.

இரண்டுக்கும் நடுவே இருந்த பெட்டி
நேற்றிரவு மின்னலில் கருகிவிட்டது.
அதன் அமைப்புகளை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.
புதியதை உறை கிழித்து எடுத்திருக்கிறேன்:
சோப்புப் பெட்டி அளவு இரும்பு,
ஒரு காதுக்கு ஒன்பது ஊசிச் சீரியல் கம்பி,
மறுகாதுக்கு நெட்வொர்க் கம்பி,
தொழிற்சாலையில் போட்ட முகவரி ஒன்றைத் தவிர
உலகத்தில் வேறெதுவும் தெரியாது அதற்கு.

அதோடு பேச முதலில் நான் குடி மாற வேண்டும்.
மடிக்கணினியின் முகவரியை அழித்து
அதன் தெருவிலேயே இடம் பிடிக்கிறேன்:
192.168.0.7.
பக்கத்து வீட்டுக்காரியாகத் தட்டினால்தான் திறக்கிறது
அந்தச் சாம்பல் நிறப் பக்கம்.

நாளுக்கொன்றாகக் கிடைக்கும் முகவரி உனக்கு வேண்டாம்.
நாளை நீ வேறு வீட்டில் இருந்தால்
அவர்கள் யாரைப் போய்த் தேடுவார்கள்?
10.4.18.60, நிலையாக.
சப்நெட் மாஸ்க், நம் தெரு எதுவரை என்கிற கணக்கு.
கேட்வே, தெருவைத் தாண்ட இருக்கும் ஒரே வாசல்.
கதவிலக்கம் 4001.
நீயாக யாரையும் கூப்பிடாதே,
வருகிறவருக்குத் திறந்தால் போதும்.

சேமித்தேன். பெட்டி அணைந்து எழுந்து
புது வீட்டுக்குப் போய்விட்டது.
பழைய தெருவில் நான் மட்டும்.
மறுபடி மூட்டை கட்டினேன்.

"ஆக்போபே, இன்னும் எவ்வளவு நேரம்?"
ஜன்னலில் சாகிம்பேக், முதல் லாரிக்காரர்,
சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி.
பதில் சொல்லவில்லை. திரையில் அப்போது
கட்டங்களும் கேள்விக்குறிகளும்,
பல்வலிக்காரன் முனகுவது போல.
வேகம் சரி, 9600.
எட்டு பிட்டை ஏழாக்கினேன். முனகல் மாறியது, நிற்கவில்லை.
மிச்சம் பாரிட்டி.
மூடிய கைக்குள் எத்தனை விதை என்று
சின்ன வயதில் விளையாடியதுதான்:
ஒத்தையா, ரெட்டையா?
ஒத்தை. முனகல்.
ரெட்டை.

பூஜ்யம் வந்தது.
ஆறு பூஜ்யங்கள், ஒரே வரிசையில், சுத்தமாக.
ஆனால் பூஜ்யத்தை நம்பி லாரியை ஏற்ற முடியாது.
ஊமையும் பூஜ்யம்தான் சொல்வான்.

எடைச்சாவடியிலிருந்து எர்னா கென்ரிகோவ்னா எழுந்தார்.
ரப்பர் பூட்ஸ், இரண்டு ஸ்வெட்டர்.
காலி மேடையின் நடுவில் போய் நின்று
என் பக்கம் பார்க்காமல் கத்தினார்:
"வருகிறதா? எண்ணை வாசிக்காதே!"
"வருகிறது."
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் இறங்கினார். மீண்டும் ஆறு பூஜ்யம்.

வெள்ளை நாடாவில் பேனாவால் எல்லாவற்றையும் எழுதி
பெட்டியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தேன்,
தொலைபேசி அடித்தது.
தலைமை அலுவலகத்திலிருந்து ராவில்:
"இணைப்பு வந்துவிட்டது, நல்லது.
ஆனால் இரண்டு ஐம்பதுக்கு ஒரு எண்பது கிலோ,
வண்டி எண் இல்லை. என்ன சரக்கு அது?"

நான் வாய் திறக்குமுன் எர்னா ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.
"இருபது இருபதாக எண்ணுகிற மேடை இது, தம்பி,
சுற்றுக்கணக்கில் ஏற்றிச் சொல்லும்.
எழுதிக்கொள்: எர்னா. முதல் ரகம்.
ஈரப்பதம் இன்னும் பார்க்கவில்லை."

சாகிம்பேக் எஞ்சினை முடுக்கினார்.
மேடை ஒருமுறை அசைந்து நின்றது.
38,460.
கண்ணாடியில் முதல் துளி விழுந்தது,
இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள்.