கேட் போட்டிருக்கு

மணலி ரோட்டில் கேட் போட்டுவிட்டார்கள்.
வண்டியை அணைத்துவிட்டு
இணையத்தில் எனக்கொரு முகவரி தேடினேன்.

முதலில் வெறும் பெயரைத் தட்டினேன்.
எவளோ ஒரு தாட்சாயணி
டொரண்டோவில் கேக் விற்கிறாள்.
சரி, ஊரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த ஊர்?
இன்டர்வியூவில் நான் தண்டையார்பேட்டை.
பெண் பார்க்க வந்தவர்களுக்கு
ராயபுரம் பக்கம்.
கால் டாக்ஸிக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொல்வேன்,
அவர் கேன்சல் செய்துவிடுவார்.

விளையாட்டுக்கு அடையாறு என்று போட்டேன்.
விற்றுப்போயிற்று.
அண்ணா நகர் இருக்கிறது,
இரண்டு லட்சத்துச் சொச்சம்.
மண்ணே இல்லாத இடத்திலும்
கிரவுண்டு விலை அப்படித்தான்.

கொருக்குப்பேட்டை:
பக்கத்தில் பச்சை டிக். கிடைக்கும்.
என் பெயரைக்கூட ஒட்ட வேண்டியதில்லை.
முதல் வருஷம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
இத்தனை நாளில்
ஒருத்தருக்கும் தேவைப்படவில்லை போல.

இங்கிலீஷில் என்றால்
ரேஷன் கார்டில் ஒரு கே,
ஓட்டர் ஐடியில் இரண்டு,
கேஸ் பில்லில் கடைசியில் ஒரு வால் வேறு.
தமிழிலேயே வாங்கினேன்,
புள்ளி வைத்து இந்தியா என்று முடிகிற மாதிரி.

ஓடிபி வந்த நேரம் பார்த்து
டேங்கர் ரயிலும் வந்தது.
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
நாற்பத்து மூன்றாவது டேங்கரில்
நெட் செத்து, நேரம் முடிந்து,
மறுபடி முதலிலிருந்து.

இரண்டாம் தடவை பணம் போயிற்று.
ரசீதில் உரிமையாளர் என்று என் பெயர்.
வாடகை வீட்டில் பிறந்து
ஆறு சந்து மாறியவள் நான்.
ஒரு வருஷத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டுமாம்.
பரவாயில்லை,
ஹவுஸ் ஓனரம்மா எழுதித் தருவது பதினோரு மாசம்.

ஷம்ஷாத்துக்கு அனுப்பினேன்.
அவள் போனில் அது
எக்ஸ், என், ரெண்டு சின்னக் கோடு,
அப்புறம் வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாய்ப்
போய்ச் சேர்ந்திருக்கிறது.
"இன்னாடி இது, வைரஸ் லிங்க்கா?"
நாங்கள் வாயைத் திறந்தால்
காலேஜில் முழிப்பார்களே, அதே முழி.
இந்தத் தடவை மெஷின்.

உலகம் முழுக்கத் தெரிய
நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகலாம் என்று
மெயில் வந்திருக்கிறது.
ஆகட்டும்.
பக்கத்தில் என்ன போடுவதென்று இன்னும் யோசிக்கவில்லை.
இப்போதைக்கு ஒரு வரி:
கேட் போட்டிருக்கு, கொஞ்சம் நில்லுங்க.

அதைத் தட்டி முடிப்பதற்குள்
பின்னால் மீன்பாடி வண்டிக்காரர்:
"யக்கா, போனை உள்ள வை.
தொறந்துட்டான்."