இரண்டு மீற்றரில் ஒரு கணவாய்

நில அளவைத் திணைக்களத்தில் பதினாலு வருசம்.
அரியாலையிலிருந்து கைதடி வரை
மட்டம் பிடித்துப் பிடித்து
குறிப்புப் புத்தகத்தில் எழுதியதெல்லாம்
ஒன்று தசம் எட்டு, இரண்டு தசம் ஒன்று,
எங்கேயாவது மூன்று.
மழை விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று
தண்ணீருக்கே தெரியாத ஊர்.

லீவு கேட்டேன்.
"கயிலாயமோ?" என்றார் செல்வகாந்தன் சேர்.
இல்லை, டொல்போ.
"அங்கை என்ன கோயில்?"
கோயிலுக்கில்லை என்றேன்.
காரணம் என்ற கட்டத்தில் அவராகவே
'யாத்திரை' என்று நிரப்பினார்.

பயிற்சிக்கு மலையில்லை.
ஆஸ்பத்திரி வீதியில் ஆறு மாடித் தனியார் மருத்துவமனை.
முதுகுப்பைக்குள் பத்துக் கிலோ அரிசியோடு
விடிய ஐந்தரைக்கு ஏறி இறங்கினேன்.
மூன்றாம் நாள் காவலாளி இரக்கப்பட்டான்:
"ஆர் அக்கா உள்ளுக்கு? கடுமையோ?"

நாலாயிரத்துக்கு மேலே
இலக்கங்களுக்கு உடம்பு வந்துவிடுகிறது.
ஒவ்வொரு நூறும் நெற்றிப்பொட்டில் இடித்தது.
சப்பாத்து நாடா கட்டக் குனிந்தால்
நிமிர்வதற்கு ஒரு சண்டை.
மந்திரம் வெட்டிய கற்களை அடுக்கிய சுவர்கள்,
வலக்கைப் பக்கம் விட்டு நடக்க வேண்டும்.
என் தொழிற்புத்தி
அடுக்கின் சரிவை அளந்துகொண்டு வந்தது.

யாங்சோம் முன்னால்.
இரண்டு யாக், ஒரு கோவேறு கழுதை.
திபெத்து ஏரி உப்பை அவள் தகப்பன்
இந்தப் பாதையால்தான் இறக்கினாராம்,
கீழே பார்லிக்கு மாற்ற.
சாணி நெருப்பில் வெண்ணெயும் உப்பும் கடைந்து
தேத்தண்ணி தந்தாள். முகம் சுளித்தேன்.
"உன் ஊரில் உப்பு ஏது?"
கடலைக் காயவிட்டால் வரும் என்றேன்.
ஆனையிறவு என்றோர் இடம்.
ஆனை கடக்கிற இடம் என்று
கையால் தும்பிக்கை காட்டி விளக்கினேன்.
"கடக்கிற இடமென்றால் அதுவும் ஒரு லா.
எவ்வளவு உயரம்?"
இரண்டு மீற்றர்.
சிரித்துச் சிரித்து
மலையில் பிறந்தவளுக்கே மூச்சு வாங்கியது.

காங் லா. ஐயாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
கற்குவியல், நார் நாராய்க் கிழிந்த கொடிகள்.
கோப்பாயிலிருந்து கொண்டுபோன முருகைக்கல்லை
குவியலில் வைத்தேன்.
துளைகளைத் தடவிப் பார்த்தாள்.
"பூச்சி தின்றதோ?"
இல்லை, பூச்சி கட்டியது.
பிறகு காற்றுக்குள் கத்தினாள்:
கி கி சோ சோ லா கியாலோ!
தெய்வங்கள் வென்றன என்று அர்த்தம்.
நானும் கத்தினேன், பாதிதான் வந்தது.
யாரை வென்றன, என்று கேட்டேன்.
அதை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லைப் போல.
யாக்கின் கயிற்றை இன்னுமொரு தரம் இறுக்கினாள்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்.
பரந்தன் கழிய, கண்ணாடி இடுக்கால்
உப்புக் காற்று.
பக்கத்துச் சீட்டுப் பெடியன்
எல்லாம் முடிந்த பிறகு பிறந்தவன்
வாய் திறந்தபடி நித்திரை.
இருபுறமும் கறுத்த நீர்.
வெற்றித்தூபி
சன்னலில் வந்தது, போனது.

பத்தாம் வகுப்பு மேசையில்
'காந்தரூபன்' என்று கொம்பாசால் கீறிவிட்டு
இங்கே வந்தவன் ஒருவன்.
எதிர்ப் பக்கத்திலும் ஒருவன்
ஏதோ ஒரு மேசையில் கீறியிருப்பான்,
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்.

கணவாயில் கத்த வேண்டும்.
கி கி சோ சோ, உதட்டுக்குள்.
லா, கொஞ்சம் சத்தமாக.
அடுத்த சொல்லை விட்டுவிட்டேன்.

பெடியன் முழித்து
"சாவகச்சேரியோ அக்கா?" என்றான்.
இன்னும் கணவாய்தான் தம்பி, படும்.

திங்கட்கிழமை நாவற்குழி.
அளவுகோலைப் பிடித்தபடி
வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து அமலதாஸ் கேட்டான்:
"எவ்வளவு மிஸ்?"
இரண்டு மீற்றர்.
சொல்லி முடிக்க
இரண்டு தரம் மூச்செடுக்க வேண்டியிருந்தது.