இரண்டு நாற்பது

குரா ஆற்றங்கரையில்,
மலைக்காற்று நேரே வந்து மோதுகிற இடத்தில்
ஒயின் பாட்டில் செய்கிறார்கள்.
திபிலிசியிலிருந்து வந்த எனக்குத் தந்தது
பதினெட்டு மாத எண்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு பத்திகள்:
உலையின் வெப்பம், மணலின் ஈரம்,
அச்சில் தெளித்த எண்ணெய், பெல்ட்டின் வேகம்.
கேள்வி ஒன்றுதான்.
கழுத்தில் ஏன் மயிரிழை விரிசல்?

கண்ணாடியை ஆற்ற வேண்டும், என்றார் மேலாளர் ஸாயிரா.
சுரங்கம் போல நீண்ட அடுப்புக்குள்
இரண்டு மணி நேரம், மெல்ல மெல்ல.
ஆறாமல் குளிர்ந்தால் பார்வைக்குத் தெரியாது,
நிரப்பும்போது வெடிக்கும்.
ஆறுவது வேறு, குளிர்வது வேறு
என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மாடலை ஓட்டினேன்.
நானூறு முடிவு மரங்கள்
ஆளுக்கொரு கிளை நீட்டி வாக்களித்தன.
வெப்பத்துக்கு இல்லை, மணலுக்கு இல்லை,
எல்லா வாக்கும் நேரத்துக்கு.
இரவு இரண்டு நாற்பது.
நேரம் பாட்டிலை உடைக்காது.
நேரத்தின் முதுகுக்குப் பின்னால்
எதுவோ நிற்கிறது.

மார்ச் கடைசி ஞாயிறன்று
விரிசல் ஒன்று நாற்பதுக்கு நகர்ந்திருந்தது.
கோடையில் மெலிந்து, மறையாமல் கிடந்து,
அக்டோபர் முடிவில் மறுபடி இரண்டு நாற்பது.
இந்த நாட்டில் யாரும் கடிகாரத்தைத் திருப்புவதில்லை.
திருப்புவது ஐரோப்பா.
அடுப்போ இத்தாலியில் செய்தது!
அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி
இன்னும் பிறந்த ஊர் நேரத்திலேயே வாழ்கிறது என்று
ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன், படங்களோடு.
பெர்காமோவிலிருந்து ஓர் எஞ்சினியர்
மிகப் பணிவாகப் பதில் போட்டார்:
எங்கள் பெட்டியில் கடிகாரமே கிடையாது.

பிறகுதான் போய் உட்கார்ந்தேன்,
டிசம்பரில், காதில் பஞ்சோடு.
இரண்டு முப்பத்தெட்டுக்கு
ஜும்பெர் கையுறையைக் கழற்றினார்.
அடுப்பின் வாலருகே ஓர் இரும்புக் கதவு.
பாதி திறந்து செங்கல்லை முட்டுக்கொடுத்தார்.
அந்த வாசலில் நின்றால்தான்
போனில் இரண்டு கோடு.
பாரி நகரில் அவர் மனைவி எதெரி,
பக்கவாதம் வந்த ஒரு நோட்டரியைத் தூக்கி, துடைத்து,
மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கும்போது
அங்கே பதினொன்று நாற்பது.
அதற்குப் பிறகுதான் அவள் நேரம் அவளுடையது.

ஒன்பது நிமிடம் பேசினார்.
அவரைத் தாண்டி உள்ளே வந்த காற்று
வரிசையாக நகரும் கழுத்துகளைத்
தடவிக்கொண்டே போனது.

இருநூற்றுப் பதின்மூன்றாவது பத்தி சேர்த்தேன்.
பெயர்: கதவு.
'யார்' என்று பத்தி கிடையாது.
பரிந்துரை: கேன்டீனில் ஒரு சிக்னல் பூஸ்டர்,
விலை, ஓர் இரவில் உடைகிற பாட்டில்களைவிடக் குறைவு.
ஸாயிரா கையெழுத்திட்டார். எதுவும் கேட்கவில்லை.
மூடியைத் திருகியபடி,
அந்தச் செங்கல்லை எடுத்துவிடச் சொல், என்றார்.

அறிக்கையில் சேர்க்காதது ஒன்று உண்டு.
போன பிப்ரவரியில் பதினொரு இரவுகள்
ஒரு விரிசல்கூட இல்லை.
கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.
'சிறந்த இயக்கநிலை' என்று அதற்குப் பெயர் வைத்து
மற்ற இரவுகளை அதோடு ஒப்பிட்டுத்தான்
மாடலைப் பழக்கியிருந்தேன்.
தொழிற்சாலையும் கேக் வெட்டியிருக்கிறது.
அறிவிப்புப் பலகையில் படம்:
ஓரத்தில் ஜும்பெர், தட்டைப் பிடித்தபடி.

கேட்டேன்.
படியில் விழுந்துவிட்டாள், என்றார்.
போன் உடைந்துபோச்சு. ஆஸ்பத்திரி.
எனக்குத் தெரியவந்தது பன்னிரண்டாம் நாள்.
அதுவரை?
கதவைச் சாத்திவிட்டுச்
சாலை வரைக்கும் போய் நின்றேன்.
அங்கே நாலு கோடு கிடைக்கும்.

அந்தப் பதினொரு வரிசைகளையும் நீக்கிப் பார்த்தேன்.
துல்லியம் குறைந்தது.
திரும்பச் சேர்த்துவிட்டேன்.
குறிப்புக்கான கட்டத்தில்
கதவு மூடியிருந்தது என்று மட்டும்
பதினொரு முறை.